ஸம்ரா வேறு கைக்கு நிற்காது

“இந்தப் பொம்பளத் துணியை என்ன செய்ய?” என்றார் ஷேக் ஷஹாத்தா.

பலகையில் கிடந்த மெத்வல்லியின் முகவாய்க்குக் கீழே கறுப்பு முக்காடு இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. பாலும் சாணித் தண்ணீரும் ஊறிய முடிச்சு. ஷஹாத்தா நகத்தால் நோண்டிப் பார்த்தார். நகரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். அந்த ஊரில் செத்த ஆண்கள் அத்தனை பேரையும் குளிப்பாட்டியவர் அவர்தான். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார். பெண்டாட்டி முக்காட்டைக் கட்டிக்கொண்டு செத்துப்போன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

வாசலில் வெந்நீர்ப் பானையோடு நின்ற இன்ஷிராஹ், “அது எங்க உம்மாவோடது. எங்கிட்ட குடுத்துடுங்க,” என்றாள்.

“உடம்புல கிடந்த துணி குளிப்பாட்டுறவனுக்குச் சேர்ந்தது. உனக்குத் தெரியாதா மகளே?”

“தெரியும். வாப்பாவோட அங்கியை எடுத்துக்கங்க. பெட்டியில புதுசு ஒண்ணு மடிப்புக் கலையாம இருக்கு, அதையும் தர்றேன். இது மட்டும் வேணும். மாட்டுக்கு.”

“மாட்டுக்கா?”

தண்ணீர் மொண்டு ஊற்ற வந்திருந்த மஹ்ரூஸ் உதட்டைக் கடித்துக்கொண்டான். செத்தவருடைய தம்பி மகன் அவன். மாட்டுத் தரகு செய்கிறவன். “உங்களுக்குத் தெரியாதா ஷேக்? பெரியவர் இதைத் தலையில கட்டிக்கிட்டாத்தான் அந்த எருமை மடியைத் தொட விடும். டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதையாச்சே.”

“கேள்விப்பட்டிருக்கேன். சும்மா கட்டி விடுறாங்கன்னு நெனச்சேன்.” முடிச்சு அவிழ்ந்தது. ஷஹாத்தா துணியை ஒரு முறை உதறி, மற்றத் துணிகளோடு சேர்த்துச் சுருட்டி மூலையில் போட்டார். “முதல்ல இவரை நல்லபடியா அனுப்பி வைப்போம். மாடு கிடக்கட்டும்.”

பானையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

கொட்டிலில் அந்த எருமை, ஸம்ரா, மறுபடி கத்தியது. விடியற்காலையில் பாதியோடு நின்றுபோன மடி.

இன்ஷிராஹ்தான் முதலில் பார்த்தாள். பஜ்ர் தொழுகை முடிந்து ஊரில் எல்லா அடுப்பும் புகைய ஆரம்பித்த பிறகும் கொட்டில் கதவு திறக்கவில்லை. வாப்பா கறக்கும்போது யாரும் கதவைத் தட்டக் கூடாது, மாடு மிரளும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தோளால் இடித்தாள். உள்ளே முட்டுக்கொடுத்திருந்த கட்டை உருண்டு விழுந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. வாப்பா எருமையின் பின்னங்கால் ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தார், ஒரு கை கன்னத்துக்கு அடியில். எருமை அவரை மிதிக்கவில்லை. அவர் கிடந்த பக்கத்துக் காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றதோ, தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்து அவரை வைக்கோல் மேல் கிடத்தினாள். கனமான ஆள் இல்லை. கடைசி வருடத்தில் பாதியாகிப் போயிருந்தார். பிறகுதான் வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டாள்.

போன வாரம் டாக்டர் சொல்லியிருந்தார்: இருதயம் ஓடுவதே பெரிய விஷயம், உடனே படுக்கையில் சேர்த்தாக வேண்டும். பயூமி கெய்ரோ ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துவிட்டுக் காரோடு வந்தான். அவன் வாப்பாவுக்கு ஒரே மகன், இன்ஷிராஹுக்குத் தம்பி. கெஞ்சினான், அதட்டினான், காலைப் பிடித்தான். கடைசியில் வாப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேவிட்டார். கதவைச் சாத்தும் நேரத்தில் கொட்டிலில் எருமை கத்தியது. “யாரு கறப்பா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

அவர் போகாத இடங்கள் நிறைய. ஹஜ்ஜுக்கு ஊரில் சீட்டுப் போட்டபோது அவர் பெயர் விழுந்தது. எருமை நிறைசினை என்று சொல்லித் தன் இடத்தை மஸ்ஜித் மோதினாருக்கு விட்டுக்கொடுத்தார். பயூமியின் கல்யாணத்துக்குக் காலையில் கெய்ரோ போய் மாப்பிள்ளையை முத்தமிட்டுவிட்டு விருந்து பரிமாறுவதற்குள் பஸ் ஏறிவிட்டார். பட்டாளத்தில் இருந்த காலத்தைத் தவிர வேறு எந்த ராத்திரியும் அந்த மண்ணை விட்டு வெளியே தூங்கியதில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது அந்த நிலம் பாதி உப்புப் பூத்துக் கிடந்தது. வாய்க்கால் தூர்வாரிய வண்டலைக் கழுதையில் ஏற்றி ஏற்றி அதை மூடினார். கழுதை செத்த பிறகு தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். செங்கல் சூளைக்காரன் மேல்மண்ணை மட்டும் கேட்டு வந்தபோது மண்வெட்டியோடு வாய்க்கால் வரை துரத்திக்கொண்டு போனார். இப்போது நிலத்துக்கு இரண்டு பக்கமும் மாடி வீடுகள், பூசாத செங்கல் சுவரோடு நிற்கின்றன. நடுவில் இந்த இரண்டு ஃபெத்தான், இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம் மட்டும் பசேலென்று எருமைத் தீவனம்.

முக்காட்டுக் கதை உம்மா மௌத்தான வருடம் ஆரம்பித்தது. அதுவரை கறந்தது உம்மா ரதீபாதான். அவள் போனதும் எருமை மடியை இழுத்துக்கொண்டது. அது ஸம்ராவின் பாட்டி. கன்றை விட்டுப் பார்த்தார்கள், தவிடு வைத்துப் பார்த்தார்கள், சொட்டு இறங்கவில்லை. அந்தச் சமயம்தான் புருஷன் தலாக் சொல்லி இன்ஷிராஹ் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். நான் கறக்கிறேன் என்று போய் உட்கார்ந்தாள். ஒரே உதை. மணிக்கட்டு எலும்பு உடைந்து, சரியாகக் கூடாமல், இன்றைக்கும் அந்தக் கை வெளிப்பக்கமாகத் திரும்பியே இருக்கிறது. மடி கல்லாகி வந்த நிலையில் வாப்பா உம்மாவின் முக்காட்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வாளி நிறைந்து வெளியே வந்தது.

ஊர் விடுமா? டீக்கடையில், “என்ன ரதீபா, இன்னிக்கு எம்புட்டுக் கறந்தே?” என்று கேட்பார்கள். “மாடாவது பால் குடுக்குது. நீங்க என்னடா குடுக்குறீங்க எனக்கு?” என்பார் அவர். அந்த எருமை போய், அதன் மகள் போய், இப்போது ஸம்ரா. ஒவ்வொன்றுக்கும் அதே பேச்சுத்தான். “இதுவும் அவ கை வாடையில வந்த வம்சம். வேற கைக்கு நிக்காது.” முக்காட்டைக் கட்டிக்கொள்வார். கதவைச் சாத்திக் கட்டையை முட்டுக்கொடுப்பார். திரும்பி வர வெகுநேரம் ஆகும்.

பயூமி முற்பகலில் வந்து சேர்ந்தான். பெண்டாட்டி நிவீன், மாமனார், மைத்துனர்கள், எல்லாரும் ஒரு வேனில் வந்திருந்தார்கள். கபன் துணி சுற்றி முகம் மட்டும் தெரியக் கிடத்தியிருந்த வாப்பாவின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பயூமி அழுதான். பெரிய உடம்பு, குலுங்கியது. அழுது முடித்து வெளியே வந்து குழாயில் முகம் கழுவினான். அப்போது ஷஹாத்தா துணிச்சுருட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். கறுப்பு நுனி வெளியே தொங்கியது.

“அது என்ன?” என்றான் பயூமி.

மஹ்ரூஸ் அவன் காதருகில் சொன்னான். சொன்னது மெதுவாகத்தான். ஆனால் பக்கத்தில் நின்ற மாமனாருக்குக் கேட்டுவிட்டது. மாமனார் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயூமியின் முகத்தில் ரத்தம் ஏறியது. “ஷேக், அதைக் கொண்டுபோய் முதல்ல உங்க வீட்டு அடுப்புல போட்டுடுங்க. எவன் கண்ணுலயும் படக் கூடாது.”

இன்ஷிராஹ் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வருவதற்குள் ஷஹாத்தா சந்து திரும்பிவிட்டார். அவர் வீடு நாலு வீடு தள்ளித்தான். அவள் ஓடிப் போனபோது ஷஹாத்தாவின் மனைவி ரொட்டி அடுப்பின் வாயில் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். “பயூமி சொன்னானாமே. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். பழந்துணி, பொசுக்குன்னு போயிடுச்சு,” என்றாள்.

திரும்பி வந்து சமையற்கட்டுக்குப் பின்னால் பயூமியை மடக்கிப் பிடித்தாள்.

“எதுக்குடா எரிக்கச் சொன்னே?”

“அக்கா, எங்க மாமனார் முன்னாடி எங்க வாப்பா பொம்பள வேஷத்துல செத்தார்னு பேச்சு வரணுமா? நீயே சொல்லு.”

“வேஷமா அது? கறக்கப் போனார்டா மனுஷன்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” அவன் குரல் உடைந்தது. கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “இந்த எருமைதான் அவரைத் தின்னுச்சு. வாசல் வரைக்கும் காரைக் கொண்டு வந்தேன்க்கா. உள்ள உட்கார்ந்துட்டார். கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. இது கத்துச்சு, இறங்கிட்டார்.”

உள்ளே பெண்களின் ஒப்பாரி ஏறி இறங்கியது. அதற்கு மேலாக ஸம்ராவின் குரல் வந்தது. இப்போது இடைவெளி குறைந்துவிட்டது.

“மஹ்ரூஸ்கிட்ட சொல்லிட்டேன்,” என்றான் பயூமி. “சாயங்காலம் அஸருக்குப் பிறகு வண்டி கொண்டு வருவான். ஸம்ராவையும் கன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவான்.”

“இன்னிக்கேவா? வாப்பா மேல போட்ட மண்ணுகூடக் காஞ்சிருக்காது.”

“நாளைக்கு வரைக்கும் மடி தாங்குமா? இங்க யாரு கறப்பா?”

“மஹ்ரூஸ் கொண்டு போனா எங்க போகும்னு உனக்குத் தெரியாதா? வியாழக்கிழமைச் சந்தையில கசாப்புக் கொக்கியில தொங்கும்.”

“கறவை நின்ன மாடு வேற எங்க போகும்?”

“நிலம்?”

“குத்தகைக்கு விடலாம். பிறகு பார்த்துக்கலாம்.”

பிறகு பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று இரண்டு பக்கத்துச் செங்கல் சுவர்களும் சொல்லும். அவள் அதைக் கேட்கவில்லை. “நான்?” என்று மட்டும் கேட்டாள்.

“நீ எங்களோட வா. பிள்ளைங்க ரூம்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம். அஞ்சாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு.”

“லிஃப்ட்ல எனக்கு என்ன வேலை?”

அழுத முகத்தோடு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

“மஹ்ரூஸ் வண்டி வர்றதுக்குள்ள நான் கறந்துட்டா?” என்றாள் அவள்.

“உன் கையைப் பாரு.”

“கறந்துட்டா நீ என்ன செய்வேன்னு கேக்குறேன்.”

அவன் அவளுடைய கோணல் மணிக்கட்டையே பார்த்தான். “கறந்துட்டா மாடு உன்னுது. நிலத்தையும் நீயே பாத்துக்க. என் பங்கு, உன் பங்குன்னு நான் வாயே திறக்க மாட்டேன், அல்லாஹ் மேல சத்தியம். ஆனா வாப்பா மாதிரி நீயும் அதுங்காலடியில கிடந்தேன்னா...” முடிக்காமல் போய்விட்டான். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க ஆண்கள் கூப்பிட்டார்கள்.

மதியம் லுஹர் தொழுகைக்கு ஜனாஸா கிளம்பியது. பெண்கள் வாய்க்கால் பாலம் வரை போய் நின்றார்கள். சந்தூக்கு அவர்களுடைய நிலத்து வரப்பு ஓரமாகப் போகும்போது தூக்கியவர்களின் நடை மெதுவானது. யாரும் சொல்லிச் செய்ததில்லை, அந்த இடத்தில் பாதை பள்ளம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், “நிலத்தை விட்டுப் போக மாட்டேங்குறார்,” என்று சத்தமாக அழுதார்கள். இன்ஷிராஹ் அழவில்லை. சந்தூக்கு மறைந்ததும் கூட்டத்தை விட்டு விலகி வீட்டுக்குத் திரும்பினாள்.

வாளியைக் கழுவினாள். கையை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொண்டாள். கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஸம்ராவின் மடி விம்மி, காம்புகள் நாலு பக்கமும் விறைத்து நின்றன. நீலம் பாய்ந்த நரம்பு. அவளைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு மூச்சு விட்டது. வாப்பாவின் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. கையில் கற்பூர வாடை, சுற்றிலும் சாவு வாடை, தலையில் தன்னுடைய துணி. எதை வைத்து இந்த மாட்டை ஏமாற்றுவது? கன்றை அவிழ்த்துவிட்டு முதலில் ஊட்டச் செய்ய வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. பின்னங்காலுக்கு எட்டாத தூரத்தில் உடம்பை வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி மடியைத் தொட்டாள்.

ஸம்ரா வாலை ஒரு தரம் வீசியது. கால்களை அகட்டி நின்றது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முக்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். கோணல் கை சரியாக மடங்கவில்லை, பிடி நழுவியது. தெரியாத கை, கோணலான கை, வலிக்கத்தான் செய்திருக்கும். ஸம்ரா திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட ஆரம்பித்தது. வாளியின் அடியில் பால் சர் சர்ரென்று விழுந்தது.

கறக்கிறவர்கள் மாட்டிடம் எதையாவது முனகிக்கொண்டே இருப்பது வழக்கம். அவள் முனகவில்லை. வேண்டுமென்றே இருமினாள். எழுந்து போய், எருமையின் மறுபக்கமாக வந்து உட்கார்ந்தாள். எதற்கும் எருமை அலட்டிக்கொள்ளவில்லை.

“அண்ணி, சாப்பிடக் கூப்பிடுறாங்க.”

கதவைத் திறந்துகொண்டு நிவீன் நின்றாள். கெய்ரோவில் பிறந்து வளர்ந்தவள். உடம்பெல்லாம் சென்ட் வாசம். ஒரு கையில் பக்கத்து வீட்டார் கொண்டுவந்த ரொட்டி. எருமையைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “ஐயோ, நான் வந்தா மிரளுமோ? அவர் சொல்லியிருக்கார்...”

ஸம்ரா கழுத்தை நீட்டி அவள் கையிலிருந்த ரொட்டியை முகர்ந்து, நாக்கால் வளைத்து இழுத்துத் தின்றது. நிவீன் அலறினாள். அலறியதற்கும் அது அசையவில்லை.

இன்ஷிராஹ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இங்க வா,” என்றாள். “இப்படி உட்காரு. இதைப் பிடி.”

“நானா? எனக்கு மாடுன்னாலே பயம் அண்ணி.”

“ஒண்ணும் பண்ணாது. பிடி. மேல நெருக்கிக் கீழ இறக்கு.”

நிவீன் கண்ணை மூடிக்கொண்டு, மோதிரம் போட்ட கையால், துணி பிழிவது போல ஒரு காம்பைப் பிழிந்தாள். பால் பீய்ச்சி அவளுடைய கறுப்புச் செருப்பில் அடித்தது. அவள் கையை எடுத்துவிட்டு, பாலில் வெளுத்த செருப்பையும் எருமையையும் பார்த்தாள்.

“இது யாருக்கும் நிக்காதுன்னு மாமா...” என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் அந்தக் கார் நினைவு வந்திருக்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கைக்கு அவளும்தான் அலைந்திருக்கிறாள்.

தீவனத் தொட்டியின் விளிம்பில் தகரத் தட்டு இருந்தது. அதில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். தினமும் விடியலில் இன்ஷிராஹ்தான் போட்டுக் கொடுப்பாள்: ஒன்று வெறும் டீ, ஒன்று புதினா போட்டது. இரண்டையும் உள்ளே எடுத்துப் போவார். இரண்டும் காலியாகத் திரும்பி வரும். புதினா போட்டுக் குடித்தது உம்மாதான். வாப்பாவுக்குப் புதினா ஆகாது, வாயில் பட்டாலே துப்புவார். வயதான காலத்தில் ருசி மாறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வெறும் டீத் தம்ளர் காலி. புதினாத் தம்ளர் வழிய வழிய அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து. தொட்டிக்குக் கீழே சுவரோரம் மண் கறுத்துக் கிடந்தது. காய்ந்த புதினா இலைகள் அங்கே பல வருடத்துக் குப்பையாகப் படிந்திருந்தன. முக்காலிக்கு எதிரே ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே கோணிப்பை ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தார். கொட்டில் முழுக்கச் சாணி தெறித்திருந்தது. அந்தக் கோணியில் மட்டும் ஒரு துளி இல்லை.

“அங்க யாரு உட்காருவாங்க?” என்றாள் நிவீன்.

இன்ஷிராஹ் அந்தப் பெட்டியையே பார்த்தாள். வேறு கைக்கு நிற்காது என்று கிழவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! டாக்டரிடம், மோதினாரிடம், பெற்ற பிள்ளையிடம், அடுப்படியில் இத்தனை வருடமாகக் கிடந்த மகளிடம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ கறந்து பாரு என்று சொல்லியிருந்தால் அந்தக் கார் போயிருக்கும். அவளுக்கு வந்தது கோபமா இன்னொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. மடித்த கோணியின் மேல் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

“பயூமிகிட்ட சொல்லாத,” என்றாள்.

நிவீன் குனிந்து தலைத்துணி நுனியால் செருப்பைத் துடைத்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “நான் எங்க அண்ணி இங்க வந்தேன்?” என்றாள். “எனக்குத்தான் மாடுன்னாலே பயமாச்சே.”

கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

இன்ஷிராஹ் கட்டையை எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மடி பாதி இளகியிருந்தது. கறந்துகொண்டே இருந்தபோது வெளியே ஆண்கள் திரும்பும் சத்தம் கேட்டது. செருப்புத் தட்டும் சத்தம், கை கழுவும் சத்தம். முற்றத்தில் மஹ்ரூஸ், “என்னப்பா, மாட்டுச் சத்தத்தையே காணோம்? மூச்சு போயிடுச்சா?” என்று கேட்டான். யாரோ அவனை அதட்டினார்கள்.

காலடிகள் கொட்டில் வரை வந்து நின்றன. பலகை இடுக்கில் பயூமியின் கால்சட்டை தெரிந்தது, முழங்கால் வரை கபுருக்குழி மண்.

“அக்கா.”

“சொல்லு.”

“நிக்குதா?”

“நிக்குது. கேக்கலையா சத்தம்?”

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பால் நுரையில் பால் விழும் சத்தம். “அந்தத் துணி இல்லாமயா?”

அவள் கைகள் ஒரு கணம் நின்றன. மறுபடி ஓடின.

“வாப்பா மாதிரியே பேசிக்கிட்டே கறந்தேன். என் குரலை அவர் குரல்னு நெனச்சுக்கிச்சு போல. முதல்ல உதறுச்சு. தொடையில ஒண்ணு வாங்கினேன். பிறகு இறக்கிடுச்சு.”

“அடி பட்டுச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“வேற யாருக்கும் நிக்காதா?”

“நிக்காது. வந்து எட்டிப் பார்த்தாலே இழுத்துக்குது.”

அவன் கதவில் சாய்ந்துகொண்டான் போலிருக்கிறது, பலகை முனகியது.

“அப்ப வாப்பா சொன்னது நெசந்தான்,” என்றான்.

“நெசந்தான்.”

“வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன்க்கா. கார்லேருந்து இறங்க விட்டிருக்கக் கூடாது, கையைக் காலைக் கட்டியாவது கொண்டு போயிருக்கணும்னு. குழிக்குள்ள இறங்கி அவரைக் கிடத்தும்போதுகூட அதான் ஓடுச்சு.”

“கொண்டு போயிருந்தா ரெண்டு நாள்ல இது செத்திருக்கும். அது தெரிஞ்சு அங்க அவர் படுத்திருப்பாரா? டியூபைப் பிடுங்கிப் போட்டுட்டு வந்திருப்பார்.”

“ஆமா.” கொஞ்சம் பொறுத்து, மறுபடி, “ஆமா, வந்திருப்பார்,” என்றான். மூச்சை இழுத்து விட்டான். குரல் சற்று லேசாகியிருந்தது. “மஹ்ரூஸை அனுப்பிடுறேன். நம்ம பேச்சு பேச்சுதான்.”

“சரி.”

“அப்ப நீயும் இனி எங்கயும் வர முடியாது. என் பெரிய மக கல்யாணம் வருது, அதுக்குக்கூட.”

“முடியாது.”

“ஒரு நாள்கூடவா?”

“யாரு கறப்பா?” என்றாள்.

அவன் போகவில்லை. தயங்கித் தயங்கி, “நான் ஒரு தடவை உள்ள வரட்டுமா? வாப்பா கிடந்த இடத்தைப் பார்த்துட்டுப் போயிடுறேன். சத்தம் போட மாட்டேன்,” என்றான்.

அவள் கோணி விரித்த பெட்டியைப் பார்த்தாள். தொட்டி விளிம்புத் தட்டைப் பார்த்தாள்.

“இப்ப வேணாம்டா.”

ஆண் குரல் கேட்டதில் ஸம்ராவின் காதுகள் முன்னால் திரும்பியிருந்தன. அது கதவுப் பக்கம் கழுத்தை நீட்டி, பலகை இடுக்கில் ஈர மூக்கை வைத்து அவனை மோந்து பார்க்கப் போயிற்று. இன்ஷிராஹ் வாளியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்து, முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். பிறகு உட்கார்ந்து மிச்சத்தைக் கறந்தாள்.